புறங்கையால் சூடு பார்ப்பவர்

நாமக்கல்லில் லாரித் தொழில் என்றால் லாரி மட்டும் இல்லை. பாடி கட்டுகிறவர், லேத் பட்டறைக்காரர், பெயிண்டர், டயருக்கு ரீட்ரேடிங் போடுகிறவர், டேங்கருக்கு வயரிங் இழுப்பவர் என்று ஒரு வண்டியை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சங்ககிரியிலிருந்து வடக்கே போகும் சரக்கு லாரி, எதுவானாலும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தாக வேண்டும். இந்தக் கட்டுரை அப்படி ஒருவரைப் பற்றியது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பைபாஸ் ஓரக் கடையில் டைனமோவுக்குக் காயில் சுற்றித் தொழில் பழகியவர். இன்று கோடி ரூபாய் மின்சாரக் கார்களுக்கு வீட்டில் சார்ஜர் மாட்டுவதும், அவை வழியில் நின்றுபோனால் போய்ப் பார்ப்பதும் அவருடைய வேலையில் சரிபாதி.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதலில் சொல்லிக்கொடுத்தது மீட்டர் பிடிப்பதை அல்ல. லாரியை இரண்டு மூன்று முறை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பேட்டரி டெர்மினலில் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். 24 வோல்ட் லாரியில் செல்ஃப் மோட்டார் எடுக்கும் கரண்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியர். டெர்மினல் ஓரிடத்தில் லூசாக இருந்தால் போதும், அந்த இடம் சுடும். மோட்டாருக்குப் போக வேண்டிய சக்தி அங்கே வெந்து தீர்கிறது என்று அர்த்தம். எரிவாயு டேங்கரில் அதே லூஸ் டெர்மினல் ஒரு பொறியாக மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நாமக்கல் டேங்கர் வயரிங்காரர்களுக்கு முடிச்சு, லக், கிரிம்ப் எல்லாவற்றிலும் ஒரு கறார்த்தனம் உண்டு. மின்சாரக் கார்களிடம் அவர் இன்றும் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: எங்கே சுடுகிறது?

அப்போதெல்லாம் பேட்டரி என்றால் ஈயமும் அமிலமும். ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் மிதவை 1,250-க்கு மேல் நின்றால் சார்ஜ் இருக்கிறது, 1,150-க்கு இறங்கினால் காலி. பேட்டரி தன் நிலையைத் தானே சொல்லிவிடும். 2001-இல் பெங்களூரில் ரேவா என்ற சின்ன மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தபோது இவர் அதைப் பார்க்கவென்றே போனார். உள்ளே இருந்தவை அவருக்குப் பழகிய அதே ஈய பேட்டரிகள். ஆறு வோல்ட்டில் எட்டு, சேர்த்து 48 வோல்ட். 80 கிலோமீட்டர் போகும் என்றார்கள். கனத்தைப் பார்த்ததுமே இது ஊருக்குள் ஓடும் வண்டி, தொப்பூர் கணவாய் ஏறாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ரேவாவை 2010-இல் மகிந்திரா வாங்கியது. அந்தக் கதை பின்னால் வரும்.

சேலம், நாமக்கல் பக்கம் சொகுசு மின்சார எஸ்யூவிகள் எட்டிப் பார்த்தது கொரோனா காலத்துக்குப் பிறகுதான். 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் இக்யூசி இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி இ-ட்ரான், பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் வரிசையாக வந்தன. இக்யூசியின் தாளைப் படித்துக் காட்டியபோது பட்டறையில் இருந்த லாரி மெக்கானிக்குகள் வாயைப் பிளந்தார்கள். 408 குதிரைத் திறன், 760 நியூட்டன் மீட்டர் இழுவை, நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 5.1 விநாடி. நம் ரோட்டில் ஓடும் பல லாரி எஞ்சின்களுக்கு அந்த இழுவை கிடையாது. அதுவும் டீசல் எஞ்சின் ஆர்.பி.எம். ஏறிய பிறகு தருவதை, மோட்டார் நின்ற நிலையிலேயே தருகிறது.

ஆனால் இவரை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. 80 யூனிட் பேட்டரி என்றால் வெறும் எட்டு லிட்டர் டீசல். இரண்டரை டன் வண்டி அந்த எட்டு லிட்டரில் 350 கிலோமீட்டர் போகிறது என்றால், டீசல் வண்டி இத்தனை வருடமாக ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் எவ்வளவைச் சூடாக ஊதித் தள்ளியிருக்கிறது! டீசல் எஞ்சினில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது. மின்சார மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. வீணாவது கொஞ்சம் என்பதால்தான் அந்தக் கொஞ்சம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது என்பார். டீசல் காரில் டயருக்குக் காற்று இறங்கி இருந்தாலும், தலைக்கு மேல் கேரியர் மாட்டியிருந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இங்கே திரையில் உடனே தெரியும்.

முதலில் வந்த அழைப்பு ஒரு கோழிப்பண்ணைக்காரரிடமிருந்து. கோவையில் வண்டி எடுத்து வந்து, வீட்டில் மாட்டிய சார்ஜரில் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது. கம்பெனி ஆட்கள் வந்து பார்த்து, வண்டியில் கோளாறு இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

“அண்ணா, இத்தன காசு குடுத்து வாங்கிப்போட்டு வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. என்னன்னு பாருங்.”

“வண்டிய உடுங்க. எர்த் குழி எங்கைங்க இருக்குது?”

குழி, கார் ஷெட்டுக்குப் பின்னால் வேலியோரம் இருந்தது. வீடு கட்டும்போது தோண்டியது. அதற்குப் பிறகு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. நாமக்கல் பூமி பாறையும் சுக்கான் கல்லும். கோடையில் ஈரம் என்பதே இருக்காது. காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது. ஃபேன், மோட்டார் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. காரின் சார்ஜர் அப்படி இல்லை. கரண்டை உள்ளே விடுவதற்கு முன் எர்த்தைச் சோதிக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் கூடுதலாக நின்றால் கதவைச் சாத்திவிடும். அது மனுஷன் உயிரைக் காக்கிற ஏற்பாடு, அதை ஏமாற்றக் கூடாது. பைபாஸ் செய்து தருகிறேன் என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள் என்று இவர் வாடிக்கையாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். புதுக் குழி ஆழமாகத் தோண்டி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, குழாய் இறக்கி, டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வந்த பிறகுதான் சார்ஜரில் பச்சை விளக்கு வந்தது.

அடுத்தது கேபிள். பண்ணை வீடுகளில் மீட்டர் ஓரிடம், கார் நிற்பது வேறிடம். இடையே 60 மீட்டர் என்பது சாதாரணம். வீட்டு சார்ஜர் 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி அந்தக் கரண்டைத் தாங்கும். ஆனால் போக வர 120 மீட்டர் கம்பியில் ஏறக்குறைய 12 வோல்ட் விழும். 380 வாட் அளவுக்குக் கம்பியே சூடாகும். 80 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அப்படி ஒவ்வொரு முறையும் நாலரை யூனிட் மண்ணுக்குள் போகிறது. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் அது இரண்டே முக்கால் யூனிட்டுக்குள் வந்துவிடும். கடையில் கேபிள் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவார். மீட்டருக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்த முடிந்தால் அதைவிட நல்லது.

வண்டியே செத்துக் கிடக்கிறது என்று வந்த அழைப்பு அவருக்குப் பிடித்த கதை. சேலம் அழகாபுரம் பக்கம், வெளிநாடு போய்விட்டு வந்த ஒருவரின் சொகுசு எஸ்யூவி. கிளம்பும்போது எழுபது சதவீதம் சார்ஜ் இருந்தது. திரும்பி வந்தால் கதவே திறக்கவில்லை, திரையும் எரியவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டது, பல லட்சம் ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தியிருந்தார். இவர் கையில் எடுத்துப் போனது சாதாரண 12 வோல்ட் பூஸ்டர். நானூறு வோல்ட் பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டரை மூட வைப்பது ஓரத்தில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பூட்டு, கம்ப்யூட்டர், விளக்கு எல்லாமே அதன் கையில். அது மாதக்கணக்கில் வடிந்து படுத்துவிட்டால் யானை பலம் உள்ளே இருந்தும் வண்டி அசையாது. பூஸ்டரைக் கொடுத்த சில நிமிடங்களில் திரை எரிந்தது, எழுபதில் ஓரிரு சதவீதம்தான் குறைந்திருந்தது.

ஆரஞ்சு நிற கேபிள்களை மட்டும் அவர் தொடமாட்டார். லாரி பேட்டரியில் ஸ்பேனர் உரசினால் பொறி வரும், அதோடு போகும். நானூறு வோல்ட் நேர்மின்சாரம் அப்படி இல்லை. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் அதன் பொறி அணைய வாய்ப்பிருக்கிறது. நேர்மின்சாரத்தின் பொறி பிடித்தால் விடாது. அதற்கான கையுறையும் பயிற்சியும் உள்ளவர்கள் கம்பெனியில் இருக்கிறார்கள், அந்த எல்லைக்குள் நாம் போகக் கூடாது என்று கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இங்கே புறங்கை வைத்தியமும் கிடையாது. தூரத்திலிருந்து சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

ரேஞ்ச் பற்றிய சண்டைகளையும் அவர் நிறைய தீர்த்து வைத்திருக்கிறார். கியா ஈவி6 2022-இல் வந்தபோது இந்தியச் சோதனையில் 708 கிலோமீட்டர் என்றது சான்று. ஐரோப்பிய முறையில் அதே காருக்கு, அதே 77.4 யூனிட் பேட்டரிக்கு 528. இரண்டுமே பொய்யில்லை. இந்தியச் சோதனை மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது, பெரும்பகுதி ஊருக்குள் ஊர்வது மாதிரியான வேகம். நம்மாட்கள் தொப்பூர் தாண்டியதும் 120-இல் வைத்துவிட்டு, சான்றில் போட்டது எங்கே என்று கேட்கிறார்கள். 90-இலிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்காகிறது. 90-இல் யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கொடுத்த கனமான எஸ்யூவி, 120-இல் நாலுக்குக் கீழே இறங்கும். ஏசி போட்டதால் குறைந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஓடும் வண்டிக்கு மணிக்கு இருபது யூனிட் தேவைப்படும்போது ஏசி கேட்பது ஒன்றோ இரண்டோதான். ஆனால் கல்யாண மண்டப வாசலில் ஏசியைப் போட்டு மூன்று மணி நேரம் டிரைவர் உட்கார்ந்திருந்தால் அது கணக்கில் விழும்.

மலை விஷயம் இவர் ஊர்க்காரர்களுக்கே உரியது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால் ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு. ஆட்களோடு சேர்த்து 2.8 டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் எட்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஏறும்போது திரையில் சதவீதம் சரிவதைப் பார்த்துப் பாதி வழியில் போன் செய்தவர்கள் உண்டு. இறங்கும்போது அதில் நாலைந்து யூனிட் திரும்பி வரும், மோட்டாரே டைனமோவாக மாறிப் பேட்டரியை நிரப்பும் என்று சொல்லித் தைரியம் கொடுப்பார். லாரி டிரைவர்களுக்கு இறக்கம் என்றால் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கீழ் கியரும். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு விபத்தானவர்களை அவர் நிறையப் பார்த்தவர். மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது அவருக்கு இந்தக் கார்களில் மிகப் பிடித்த குணம். ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்காட்டு விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினால், திரும்பி வரும் கரண்டுக்குப் பேட்டரியில் இடமில்லை. பிரேக் பேடுதான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும், இரண்டரை டன் வண்டிக்கு அது சாதாரணம் இல்லை. மலை மேல் எண்பதோடு நிறுத்துங்கள் என்பது அவர் எல்லோருக்கும் சொல்வது.

வேக சார்ஜிங்கில்தான் மனிதர்கள் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள். ஈவி6 பத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு 18 நிமிடம் என்று படித்திருப்பார்கள். அது 350 கிலோவாட் மிஷினில். நெடுஞ்சாலையில் அதிகம் இருப்பவை 30, 60 கிலோவாட் மிஷின்கள். 54 யூனிட்டை 60 கிலோவாட் மிஷினில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், எந்தக் கார் ஆனாலும். பக்கத்துச் சார்ஜிங் கன்னில் இன்னொரு வண்டி வந்து செருகினால் பல மிஷின்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். எண்பதுக்கு மேல் எந்த மிஷினானாலும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். நூறு வரும்வரை கன்னைப் பிடுங்காமல் உட்கார்ந்திருப்பவரால் பின்னால் நிற்பவருக்கும் நேரம் போகிறது, அவருக்கும் லாபமில்லை.

அதற்கு மேல் நம் வெயில். சித்திரை மாத மதியம், 40 டிகிரி, கூரை இல்லாத சார்ஜிங் ஸ்டேஷன். கருப்புக் கேபிளும் கன்னும் வெயிலிலேயே காய்ந்து கிடக்கும். கன்னுக்குள் ஒரு சூட்டு உணரி உண்டு. அளவைத் தாண்டினால் மிஷின் தானாகவே கரண்டைக் குறைக்கும். சேலம்–கோவை சாலையில் மதியம் வேகம் பாதியாக விழுந்துவிட்டது என்று ஒருவர் புலம்பியபோது, காரின் பேட்டரி நன்றாகவே இருந்தது. கன்னின் பித்தளைப் பின் அவர் கருவியில் அனலாய்க் காட்டியது. தேய்ந்த பின், தளர்ந்த பிடி. பழைய லூஸ் டெர்மினல் கதைதான் அங்கேயும். விற்கும் புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரமாகிவிட்ட நார்வேயில் குளிர்காலத்தில் பேட்டரியைச் சூடாக்கிவிட்டுச் சார்ஜ் போடுகிறார்கள். அவர்களுடைய அறிவுரை வீடியோவைப் பார்த்து நம் ஊரில் அதையே செய்ய வேண்டியதில்லை. இங்கே விடியற்காலையில் போட்டால் வேகமாக ஏறும், மதியம் என்றால் நிழல் உள்ள ஸ்டேஷனைத் தேடிப் போகலாம்.

இந்த இடத்தில் 800 வோல்ட் விஷயத்தை அவர் கை தட்டிப் பாராட்டுவார். ஈவி6, ஐயோனிக் 5 இரண்டும் அந்த வகை. வோல்ட் இரட்டிப்பானால் அதே சக்திக்குக் கரண்ட் பாதி. கரண்ட் பாதியானால் கம்பியில் சூடு கால்வாசி. 12 வோல்ட் காருக்கும் 24 வோல்ட் லாரிக்கும் உள்ள வித்தியாசமாக அவர் பழகிய பாடம் அது.

ரேவாவை வாங்கிய மகிந்திரா, 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் எக்ஸ்இவி 9இ, பிஇ 6இ (பின்னர் பிஇ 6) என்று இரண்டு எஸ்யூவிகளை மேடையேற்றியது. பெரிய பேட்டரி 79 யூனிட், 286 குதிரைத் திறன், சரியான மிஷின் கிடைத்தால் இருபதிலிருந்து எண்பதுக்கு 20 நிமிடம். கோடி ரூபாய் வண்டி தந்ததை முப்பது லட்சத்துக்குக் கொண்டுவந்த வரிசை இது. 2025 ஜனவரியில் பிஎம்டபிள்யூ தன் சென்னை ஆலையில் தயாரித்த நீள ஐஎக்ஸ்1-ஐ 49 லட்சத்துக்கு விட்டது. பண்ணைக்காரர்கள் மட்டும் வாங்கியது போய், டாக்டர்களும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். மகிந்திராவில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி. வெயிலைத் தாங்கும், ஆயுள் அதிகம். ஆனால் சார்ஜ் இறங்கினாலும் வோல்ட் பெரிதாக இறங்காது. ஹைட்ரோமீட்டர் மாதிரி நிலையைக் காட்டிக்கொடுக்காது. அதனால் அவ்வப்போது நூறு வரை நிரப்பி, கம்ப்யூட்டருக்குக் கணக்கை நேர்செய்ய வேண்டும். எண்பதோடு நிறுத்து என்று ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல முடியாது என்பதால், வண்டிக்குள் எந்த வகை இருக்கிறது என்று கேட்காமல் அவர் இப்போது பதிலே சொல்வதில்லை.

ராசிபுரம் தாண்டி ஒரு மின்சார எஸ்யூவி பூஜ்யத்தில் நின்றபோது, உதவிக்கு வந்த லாரிக்காரர்கள் கயிறு கட்டி இழுக்கத் தயாராகிவிட்டார்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்ட் உண்டாக்கும், உள்ளே எல்லாம் வெந்துவிடும் என்று போனிலேயே தடுத்து, பிளாட்பெட் வண்டியை வரவழைத்தார். டைனமோ தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது கேள்வி கேட்பவர்கள் லாரி உரிமையாளர்கள். சங்ககிரியிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். “நம்ம ட்ரெய்லருக்கு இது சரிப்பட்டு வருமாங்கண்ணா?” சுமையோடு நாற்பது டன். கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் என்று வைத்தாலும், சேலத்திலிருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டருக்கு 440 யூனிட். அந்தப் பேட்டரியே ஏறக்குறைய மூன்று டன் எடை வரும், அவ்வளவு சரக்கு குறையும். 60 கிலோவாட் மிஷினில் நிரப்ப ஏழு மணி நேரத்துக்கு மேல். 2022-இல் ஆஸ்லோவில் கனரக வண்டிகளுக்கென்று ஒரு புதிய சார்ஜிங் முறையைக் காட்டினார்கள். 1,250 வோல்ட், 3,000 ஆம்பியர் வரை. அந்தக் கேபிளுக்குள் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. நம் சாலைக்கு அது வரும்வரை தூர ஓட்டம் வேண்டாம், ஒரே இடத்துக்குப் போய் யார்டுக்கே திரும்பும் நூறு கிலோமீட்டர் நடைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். வண்டி விலை கேட்பதற்கு முன் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் எவ்வளவு லோடு தருவார்கள் என்று கேட்டு வரச் சொன்னார்.

உரிமையாளர் விண்ணப்பம் கொடுத்துவிட்டார். டிரான்ஸ்பார்மர் வைக்க யார்டின் கேட் அருகே இடம் குறித்திருந்தார்கள். இவர் டேப்பை வைத்து அளந்து பார்த்தார். வண்டி நிற்கும் இடத்துக்கு 140 மீட்டர். டிரான்ஸ்பார்மரை உள்ளே தள்ளி வைக்க முடியுமா என்று இப்போது பேச்சு நடக்கிறது.